சாக்குத் துணியைச் சேகரித்தலும் தைத்தலும்: எர்ணாவூர் மகளிர் சங்கங்களுக்கு ஒரு பாடம்

நாம் கடையில் ஒரு மூட்டைத் தானியம் வாங்குங்கால், தானியத்திற்கு மட்டுமன்றி அதனை அடைத்து வந்த சாக்கிற்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். ஆனால் தானியத்தைப் படியளந்து செலவிடும் நாம், சாக்கை மூலையில் எறிந்துவிடுகிறோம். அன்றேல் மிதியடியாக வாசலிற் போட்டு மக்கவிடுகிறோம். விலை கொடுத்து வாங்கிய துணி அவ்வாறு வீணாவது குடும்பச் சிக்கனத்திற்குப் பொருந்தாது. ஆயினும், கண்ணிற் பட்ட சாக்கையெல்லாம் கழுவித் தைத்துவிடலாம் என்பதும் பெரும் பிழை. எந்தச் சாக்கு தைக்கத் தக்கது, எது தொடவும் தகாதது என்பதை அறிந்த பின்னரே ஊசியைக் கையிலெடுத்தல் வேண்டும். அதுவே இப்பாடத்தின் சாரம்.

எர்ணாவூர் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கிழக்கே கடலுமாக, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்தது. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே எண்ணூரிலும் மேற்கே மணலியிலும் பெருந்தொழிற்சாலைகள். எனவே பலவிதமான சாக்குகளும் இவ்வட்டாரத்தில் புழங்குகின்றன. அரிசி வந்த கோணியும் உரம் வந்த சாக்கும் ஒரே வீதியில் கிடக்கக் காணலாம். தையல் அறிந்த சகோதரிகளும் இங்கு அநேகர் உளர். சரக்கும் கையும் இருக்கின்றன. வேண்டுவது பகுத்தறியும் முறையும் கணக்குமே.

1. சாக்குத் துணியின் சரித்திரம்

கோணி என்பது நம் நாட்டுச் சொல். ஆங்கிலேயர் சாக்கிற்கு வழங்கும் 'கன்னி' என்னும் சொல்லும் இதே மூலத்திலிருந்து பிறந்ததே. வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ரிஷ்ராவில் 1855ஆம் ஆண்டில் முதற் சணல் ஆலை ஏற்பட்டது. அதற்குப் பின் உலகத்தின் தானியமும் சர்க்கரையும் காப்பிக்கொட்டையும் பெரும்பாலும் வங்காளச் சாக்கிலேயே பிரயாணம் செய்தன. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினம் ஜில்லாவில் சிட்டிவலசை, நெல்லிமர்லா ஆகிய ஊர்களிலும் சணல் ஆலைகள் இருந்தன.

மாவுக்கும் கால்நடைத் தீவனத்திற்கும் பருத்திப் பை வழங்கியது அமெரிக்காவில். முற்காலத்தில் அங்கு மாவு மரப்பீப்பாயில் அடைக்கப்பட்டது. ஒரு பீப்பாய்க்கு 196 ராத்தல். தையல் இயந்திரம் வந்து, உறுதியான தையல் எளிதான பின்னர், பீப்பாயின் இடத்தைத் துணிப்பை பிடித்தது. பீப்பாயின் பாதி 98 ராத்தல், கால் 49 ராத்தல் என்று பழைய அளவே பைக்கும் நிலைத்தது. குடியானவர் வீட்டுப் பெண்கள் அப்பைகளைப் பிரித்து வெளுத்து, உள்ளுடையும் படுக்கை விரிப்பும் குழந்தைச் சட்டையும் தைத்தனர். இதைக் கவனித்த வியாபாரிகள் 1924ஆம் ஆண்டு முதல் கட்டமும் பூவும் போட்ட துணியிலேயே பை தைத்து விற்கலாயினர். ஒரே தினுசுப் பூத்துணி மூன்று பை சேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு உடை தைக்கலாம். ஆகையால், எந்தத் தீவனம் வாங்குவது என்பதை மாட்டைக் காட்டிலும் வீட்டுப் பெண்களே தீர்மானித்தனர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1950க்குப் பின் காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் வந்து, அவ்வழக்கம் ஒழிந்தது. அந்தப் பழைய பூப்பைகளை இன்று அரும்பொருளாகச் சேகரிப்போர் அங்கு பலர். உண்மையான பைத் துணியா என்று அறிய அவர்கள் முதலில் நோக்குவது ஓரத்தையே. பை தைத்த தடித்த நூல் சென்ற ஊசித்துளைகள் வரிசையாக அங்கே தெரியும்.

மற்றொரு நிகழ்ச்சி சங்கங்கள் நடத்துவோர் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. 1914ஆம் ஆண்டின் யுத்தத்தில் பெல்ஜியம் தேசம் ஜெர்மானியர் வசப்பட்டு, ஜனங்கள் பட்டினி கிடக்க, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் ஒரு நிவாரணக் குழு அமெரிக்க மாவை அனுப்பிற்று. மாவு வந்தது பருத்திப் பையில். வெடிமருந்து செய்யப் பருத்தி உதவுமாகையால், வெறும் பைகள் எதிரியின் கையிற் சேராதபடி ஒவ்வொரு பைக்கும் கணக்கு வைக்கப்பட்டது. பின்னர் அப்பைகள் தையற் கூடங்களுக்கும் தொழிற்பள்ளிகளுக்கும் கன்னிமாடங்களுக்கும் பங்கிடப்பட்டன. பெல்ஜியப் பெண்கள் அவற்றில் உடை தைத்தார்கள். பையின் மேல் அச்சிட்ட எழுத்துக்களின் மீதே வண்ண நூலால் பின்னல் வேலை செய்து விற்றார்கள். நன்றிக்கு அடையாளமாக அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். அவற்றுட் பல அயோவா மாநிலத்து வெஸ்ட் பிராஞ்ச் என்னும் ஊரில் ஹூவர் பெயரால் விளங்கும் நூலகக் காட்சிசாலையில் இன்றும் உள்ளன. எண்ணிக் கணக்கில் ஏற்றிய பின்னரே பை தையற்காரியின் கைக்குப் போயிற்று என்பதே நாம் இதிலிருந்து கொள்ளத்தக்க படிப்பினை.

2. இன்று கிடைக்கும் தினுசுகள்

(அ) சணற் கோணி: சர்க்கார் கொள்முதல் செய்யும் தானியத்திற்கு இன்றும் சணற் கோணியே பெரும்பாலும் உபயோகமாகிறது. 1987ஆம் ஆண்டின் சணற் கட்டுச் சாமான் சட்டம் இதற்கு ஆதாரம். 50 கிலோ தானியம் கொள்ளும் கோணியின் நீளம் 94 சென்டிமீட்டர், அகலம் 57 சென்டிமீட்டர், எடை 580 கிராம். இதனைப் பிரித்து விரித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட துணி கிடைக்கும். நம் வேலைக்கு முதன்மையான சரக்கு இதுவே.

(ஆ) பருத்தி மாவுப் பை: முன்னாளில் மைதா மாவு இப்பையில் வந்தது, வீடுகளில் அது உள்பாவாடையாகவும் கரித்துணியாகவும் பயன்பட்டதைப் பெரியோர் அறிவர். இப்போது அரிதாகிவிட்டது. கிடைத்தால் விடலாகாது, துணிகளில் மெத்தென்று உடம்புக்கு இசைவது இதுவே.

(இ) பிளாஸ்டிக் இழைச் சாக்கு: இக்காலத்து மாட்டுத் தீவனம், மாவு, உரம் யாவும் பெரும்பாலும் இதில் வருகின்றன. இது துணிபோற் தோன்றினும் துணியன்று. இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். வெயிலில் நாளடைவில் நொறுங்கிப் பொடியாகும். சுத்தமான தீவனச் சாக்கைச் சந்தைப் பையாகத் தைக்கலாம். உடைக்கும் படுக்கைக்கும் ஆகாரம் வைப்பதற்கும் உதவாது.

3. சாக்கின் பூர்வீகத்தை விசாரித்தல்

இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. சாக்கு எதனைச் சுமந்ததோ அதன் அம்சத்தைத் தன் இழையில் வைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதும், நாற்றமில்லாதிருப்பதும் போதிய அத்தாட்சி ஆகா.

1958ஆம் ஆண்டில் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்கள் கோதுமை மாவில் செய்த பண்டங்களைத் தின்று மாண்டனர். கப்பலில் அம்மாவுடன் ஏற்றி வந்த பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கசிந்து மாவு மூட்டைகளில் ஊறிவிட்டதே அதற்குக் காரணம். சென்னை ராஜ்யத்திலும் அக்காலத்தில் விஷ உணவுச் சம்பவங்கள் நேர்ந்தமையால், இரண்டையும் விசாரிக்க நீதிபதி ஷா அவர்களின் தலைமையில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்தும் 1968ஆம் ஆண்டின் சட்டம் பின்னர் பிறந்தது. மருந்து வந்த சாக்கும் பெட்டியும் மறுபடி எவர் கையிலும் சேராதபடி அழிக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கீழ் எழுந்த விதிகளுள் ஒன்று.

மாவு உண்ணும் பொருள், சாக்கு உடுத்தும் பொருளாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாரியில் பூச்சிமருந்து சிந்தி நனைந்த புதுக் கால்சட்டைகளை வெளுக்காமல் அணிந்த சிறுவர்கள் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தனர். இம்மருந்துகள் வாயால் மட்டுமன்றித் தோலாலும் உடம்பிற் புகும். குழந்தையின் தோல் மெல்லியது, உடம்போ சிறியது. ஆகையால் தீங்கு இருமடங்கு.

எனவே கீழ்க்கண்டவற்றை எக்காரணம் பற்றியும் வாங்கலாகாது: பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து வந்த சாக்குகள், மருந்து பூசிய விதை வந்தவை, தொழிற்சாலை இரசாயனமும் சாயமும் வந்தவை, எண்ணெய் ஊறியவை, மேலே எழுத்தின்றி, எங்கிருந்து வந்தவை என்று விற்பவர் சொல்லக்கூடாதவை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது எர்ணாவூரிலும் அது புகுந்ததை இவ்வூரார் மறந்திரார். அவ்வாறான நீரில் நனைந்த சாக்கு வெயிலிற் காய்ந்த பின்பும் தைக்கத் தகாததே. உரச் சாக்கைத் தோட்டத்தில் மண் சுமக்க வைத்துக்கொள்ளலாம்; தையலுக்கு வேண்டாம்.

தானியக் கோணியிலும் இரண்டு ஜாக்கிரதைகள் வேண்டும். கிடங்குகளில் வண்டு சாவதற்குப் புகைமருந்து வைப்பதுண்டு. அதன் மிச்சமாகிய சாம்பல்நிறத் தூளோ சிறு பொட்டலமோ கோணிக்கட்டில் தென்பட்டால் அந்தக் கட்டைத் தொடாது திருப்பிவிடுக. மேலும் கிடங்கில் எலி நடமாட்டம் உண்டு. எலியின் மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் கொடியது. கையில் புண்ணுள்ளவர் கோணி உதறுதல் ஆகாது. வேலை முடிந்ததும் யாவரும் சோப்பிட்டுக் கை கழுவுக.

சணல் இழையைப் பதப்படுத்த ஆலைகளில் தாதுஎண்ணெய் தெளிப்பதுண்டு. புதுக்கோணியின் வாடை அதனால் வருவதே. காப்பிக்கொட்டை, கொக்கோ முதலியவற்றுக்கு ஆகும் கோணியில் அவ்வெண்ணெய் அம்சம் கிலோவுக்கு 1250 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று 1998ஆம் ஆண்டில் சர்வதேசச் சணல் ஸ்தாபனம் வரையறுத்தது. அத்தகைய கோணிக்குத் தவிட்டெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் உபயோகமாகிறது. சாதாரணக் கோணியில் தைத்த பையில் மாவு, சமைத்த பண்டம், உரித்த பழம் ஆகியவற்றை நேரே போடுதல் நன்றன்று. காய்கறி வாங்கத் தடையில்லை. வீட்டிற்கு வந்ததும் கழுவிவிடலாம்.

4. பிரித்தலும் சுத்தஞ்செய்தலும்

பையின் வாய் பெரும்பாலும் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். கத்தியால் கிழித்தால் துணி சேதமாகும். தையல் முடிந்த முனையில் நூலை அறுத்து இழுத்தால் முழுவதும் தானே உருவிக்கொண்டு வரும்; ஒரு முனையில் வாராவிடில் மறுமுனையில் முயல்க. கோணியின் பக்கத் தையலை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிக்க வேண்டும். அறுபடாது வந்த சணல் நூலைச் சுருட்டி வைத்தால் கோணூசி வேலைக்கு உதவும்.

கோணியைத் திறந்த வெளியில், காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்று, மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு உதறுக. பின் இருபுறமும் தூரிகையால் தேய்த்து, இரண்டு மூன்று நாள் வெயிலிலும் காற்றிலும் காயவிடுக. சணல் நனைந்தால் வலிமை குன்றும் இயல்புடையது. ஆதலின் இரவு முழுதும் ஊறவைத்தலும் கல்லில் அடித்தலும் கூடா. சோப்பு நீரில் விரைவாக அலசி, முறுக்கிப் பிழியாமல் கொடியிற் போடுக. நம் கடற்கரையில் காற்றே ஈரமுள்ளது; சணலும் ஈரத்தை இழுக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் பூஞ்சணம் பூக்கும்.

பருத்தி மாவுப் பைக்கு முறை வேறு. முதலில் வெந்நீர் விடலாகாது. விட்டால் இழையிலுள்ள மாவு வெந்து பசையாகி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்து, புளிக்குமுன் நீரை இருமுறை மாற்றி, மாவு முழுதும் போன பின்னரே சலவைச் சோடாவும் சோப்பும் இட்டு வேகவைக்க வேண்டும். அச்செழுத்து ஒரே வெளுப்பில் போகாது. சோப்புத் தடவி வெயிலில் வைத்துப் பலமுறை துவைக்க மங்கும். சலவைத்தூளை மிகுதியாக இட்டால் எழுத்தோடு துணியும் போய்விடும். துணி சுருங்கி முடிந்த பிறகே அளந்து வெட்டுக.

5. வெட்டுதலும் தைத்தலும்

பிரித்த கோணியின் ஒரு முகம் 94க்கு 57. இதனை நீளவாட்டில் பாதியாக்கினால் 47க்கு 57 அளவில் இரு துண்டுகள். இரண்டையும் சேர்த்தால் ஒரு சந்தைப் பை. கோணியின் மறுமுகத்தில் இன்னொன்று. பக்கத்திற்கு 2 சென்டிமீட்டர், அடிக்கு 2, வாய் மடிப்புக்கு 5 என்று விட்டால், தைத்த பை 43 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். கிழிசலும் கறையும் உள்ள கோணியில் ஒரு பையே தேறும். மிச்சத்தில் பானைக்குச் சுமையடையும் மிதியடியும் செய்யலாம்.

சணல் வெட்டிய உடனே இழை பிரியும். ஆதலின் வெட்டும் கோட்டின் இருபுறமும் முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டு, நடுவே வெட்டுக. நூலிழை ஒன்றை உருவினால் வரும் இடைவெளியே நேர்கோடாக உதவும். ஓரத்திற்குப் பழைய வேட்டி அல்லது புடவைப் பட்டியை மடித்து அடித்தால் பிசிறும் அடங்கும், பார்வைக்கும் அழகு. இயந்திர ஊசி 16 அல்லது 18 எண். தையல் சற்று நீளமாக இருக்கட்டும். நெருங்கிய தையல் சணலை அறுத்துவிடும். கைப்பிடிக்கு உறுதியான பருத்தி நாடாவை வாய் மடிப்புக்குள் செருகி, சதுரமும் அதனுள் குறுக்குக் கோடுகளுமாகத் தைக்க வேண்டும். பை முதலில் அறுவது அங்கேதான். உள்ளே பழந்துணியால் உறை கொடுத்தால் சணற் பிசிறு பண்டங்களில் ஒட்டாது. வேலை முடிந்தவுடன் இயந்திரத்தின் பஞ்சுத்தூளைத் துடைத்து எண்ணெயிடுக. உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

6. விலையும் கூலியும்

பை செய்பவர் பலர் நஷ்டமடைவது தையலினாலன்று, கணக்கினால். உதாரணத்திற்கு, 50 கோணி தலைக்கு 24 ரூபாயாக 1,200 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோணியில் இரு பை; ஆகவே பைக்குத் துணி 12 ரூபாய் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் 10 கோணி கழிவாகிவிட்டால் தேறியவை 40. அப்போது கோணி 30 ரூபாய். பைக்குத் துணி 15 ரூபாய். நூல், நாடா 9 ரூபாய், இயந்திரத் தேய்மானம் 2 ரூபாய் சேர்ந்து 26. பையை 50 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுவது 24. பாராமல் வாங்கி 20 கோணி கழிவானால், தேறிய 30க்கும் விலை 40, பைக்குத் துணி 20, அடக்கம் 31, மிஞ்சுவது 19. இந்த 5 ரூபாய்க் குறைவு தையற்காரியின் கூலியிலிருந்தே போகிறது. அன்றியும் உதறி, அலசி, உலர்த்திய நேரமும் வேலை நேரமே. அதனைக் கூலியிற் சேர்க்காமல் விலை சொல்லுதல், தன் உழைப்பைத் தானே இனாமாகக் கொடுப்பதாகும்.

துணிப்பைக்கு இக்காலத்தில் கிராக்கி உண்டு. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கிற்று.

7. சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டுவன

தனி ஒருத்தி பத்துக் கோணி கேட்டால் கடைக்காரர் கழிவையே தள்ளிவிடுவார்; பூர்வீகம் விசாரித்தாலும் பதில் கூறார். இருபது பேர் சேர்ந்து மாதந்தோறும் வாங்கினால் பொறுக்கி எடுக்கும் உரிமை தானே வரும். கூட்டுறவின் பயன் இதுவே. மளிகைக் கடை, ரொட்டிக் கிடங்கு, உணவு விடுதி ஆகியவற்றில், சரக்கைப் பிரிக்கும் இடத்திலேயே வாங்குவது உத்தமம். பல கை மாறி வந்த சாக்கின் சரித்திரம் அறிய முடியாது. நியாயவிலைக் கடையின் வெறுங்கோணி கடைக்கணக்கில் ஏறிய சொத்து. முறைப்படி விற்பனையாகி ரசீதுடன் வந்தாலன்றி அதனை ஏற்றல் கூடாது.

சங்கத்தில் ஒரு சாக்கு வரவுப் பதிவேடு இருத்தல் அவசியம். தேதி, வாங்கிய இடம், சாக்கில் இருந்த சரக்கு, தினுசு, எண்ணிக்கை, கழிவு, கழிவின் காரணம், யாரிடம் தைக்கக் கொடுத்தது என எட்டுப் பத்திகள் போதும். சரக்கு இன்னதென்று எழுத இயலாத சாக்கு பதிவேட்டில் ஏறலாகாது. பதிவேட்டில் ஏறாதது கத்தரியின் கீழ் வரலாகாது. இந்த ஒரு விதியைக் கண்டிப்பாக அனுசரித்தால் மேற்சொன்ன ஆபத்துக்கள் பெரும்பாலும் விலகும். வாங்குவோரும், இப்பை அரிசிக் கோணியில் தைத்தது என்று சங்கம் சொல்லும் சொல்லை நம்பி வாங்குவர். அந்நம்பிக்கையே சங்கத்தின் மூலதனம்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. உங்கள் வீதியில் கிடக்கும் சாக்குகளில் ஐந்தை எடுத்துக்கொள்ளாமல் பார்வையிட்டு, ஒவ்வொன்றும் எதனைச் சுமந்தது என்று கூற முடியுமா? முடியாதவை எத்தனை?
2. பருத்தி மாவுப் பையை முதலில் வெந்நீரில் இடலாகாது என்பதேன்? கோணியை நெடுநேரம் ஊறவைக்கலாகாது என்பதேன்?
3. 60 கோணி 1,500 ரூபாய்க்கு வாங்கி 10 கழிவானால், பை ஒன்றுக்குத் துணியின் அடக்கம் என்ன?
4. உரச் சாக்கை நன்றாகத் துவைத்தாயிற்று என்று ஒரு அங்கத்தினர் கொண்டுவந்தால், சங்கம் அவருக்கு என்ன விடை கூற வேண்டும்?